வண்டியில் ஏறும் ஓடம்

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும். வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும் என்பது நம் முன்னோர் வாக்கு. மனித வாழ்வின் ஏற்றத்தாழ்வைச் சுட்ட எழுந்த இப்பழமொழியை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டு கடன் கேட்டு வருவோரையும் வங்கியில் இப்போது அவ்வப்போது காண்கிறோம். பெங்களூரு காக்ஸ் டவுனில் பணியாற்றும் எனக்கு அத்தகைய விசாரணைகள் சில வந்துள்ளன. காருக்குப் பின்னால் டிரெய்லரில் வைத்து இழுத்துச் செல்லத்தக்க ஒரு படகு வாங்க வேண்டும். அதற்குக் கடன் கிடைக்குமா, வட்டி என்ன, எத்தனை தவணை என்பதே கேள்வி. கேட்பவர்கள் செல்வச் செருக்கில் கேட்பவர்கள் அல்லர். பணிக்கொடைத் தொகை கையில் வந்த ஓய்வுபெற்ற பெரியவர், இருவரும் சம்பாதிக்கும் இளம் தம்பதியர், பிள்ளைக்குப் பாய்மரப் படகு ஓட்டப் பழக்க விரும்பும் தந்தை என நம் நடுத்தர வகுப்பினரே.

எவ்வளவு கடன் என்ற கேள்விக்கு விடை சொல்வது எளிது. எந்தப் படகு என்ற கேள்விக்கு விடை சொல்வது வங்கி அலுவலரின் வேலை அன்று எனச் சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை. வாங்கிய பொருள் வாசலில் வெயிலில் கிடந்து வெளிறிப்போன பின்னும், தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் கணக்கிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும் என்பதை எங்களைவிட நன்கு அறிந்தவர் யார்? ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் படகு, இரண்டு பேர் கையால் தூக்கக் கூடியதாக இருக்க வேண்டும். நம் கார் எவ்வளவு எடையை இழுக்கும் என்பதை அளவுகோலாகக் கொண்டு முதல் படகைத் தேர்ந்தெடுப்பது தவறு. அதற்குக் கடன் வாங்குவது அதைவிடப் பெரிய தவறு.

இதற்குக் காரணம் நம் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநில நகரம் பெங்களூரு. கிழக்கே சென்னைக் கடற்கரையும் மேற்கே மங்களூருக் கடற்கரையும் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. கிருஷ்ணராஜ சாகர் அணை ஏறத்தாழ 140 கிலோமீட்டர். காக்ஸ் டவுன்வாசிகளுக்கு அல்சூர் ஏரி கூப்பிடு தூரம்தான்; 2009ஆம் ஆண்டு ஆகஸ்டில் திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்ட நாளிலிருந்து அந்த ஏரிக்கரை நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டது. ஆனால் ஏரி அருகில் இருப்பதாலேயே நம் படகைக் கொண்டுபோய் அதில் இறக்கிவிட முடியாது. ஒரு பகுதி மதராஸ் பொறியாளர் படையினரின் பயிற்சிக்குரியது. மற்றப் பகுதியிலும் உரிய துறையின் அனுமதி இன்றித் தனியார் படகு இறங்க இயலாது. அணைகளின் நிலையும் இதுவே. அவை முதலில் பாசனத்துக்கும் குடிநீருக்கும் உரியவை. நீர்வளத் துறையின் அனுமதி பெற்ற சங்கம் ஒன்றின் வழியாகச் செல்வதே நடைமுறை.

இதன் பொருள் என்ன? வெளிநாட்டுப் படங்களில் காண்பதுபோல் படகைத் துறையில் கட்டிவிட்டு வீடு திரும்பும் வசதி நமக்கில்லை. நம் படகு நீரில் இருக்கும் நேரத்தைவிடச் சாலையில் இருக்கும் நேரம் அதிகம். சாலையில் இருக்கும் நேரத்தைவிட வீட்டு வாசலில் நிற்கும் நேரம் அதைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். எனவே தேர்வைப் பின்னிருந்து தொடங்க வேண்டும். முதலில் வீடு, பிறகு சாலை, பிறகு கரை, கடைசியில்தான் நீர். பெரும்பாலோர் நீரில் தொடங்குகிறார்கள். காணொளியில் படகு அலைகிழித்து ஓடுவதைக் கண்டு மயங்கிவிடுகிறார்கள்.

படகைச் சுமந்து செல்வது நமக்குப் புதிய செய்தியும் அன்று. கொடைக்கானல் ஏரியை 1863இல் உருவாக்கிய மதுரை ஆட்சியர் லெவிஞ்ச், அதில் மிதக்கவிட்ட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். கடல்மட்டத்தில் கிடந்த படகு, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏற்றப்பட்டது. மலைச்சாலை அதற்கு அரை நூற்றாண்டு கழித்தே வந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அது எவர் தோள்களில் ஏறியிருக்கும் என்பது விளங்கும். ஆட்சியருக்கு ஆள்பலம் இருந்தது. நமக்கு இருப்பதோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுப்பினால் முகம் சுளிக்கும் மைத்துனர் ஒருவர் மட்டுமே.

எளிய மக்கள் இச்சிக்கலை அதைவிட அழகாகத் தீர்த்தார்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுவோரைப் பாருங்கள். மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்தித் தார் பூசிய அந்த வட்டக் கலம், ஆற்றில் பலரைச் சுமக்கும். கரையேறியதும் ஒரே மனிதரின் தலைமீது குடைபோல் கவிழ்ந்து நடக்கும். நம் கடற்கரை மீனவர்களின் கட்டுமரமும் அவ்வாறே. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே தூக்கிக் காயவைத்துவிடுவார்கள். நனைந்த மரம் கனக்கும், காய்ந்த மரம் மிதக்கும் என்ற அறிவு அதில் இருக்கிறது. அச்சொல் ஆங்கிலம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் பின்னிருந்த எண்ணம் நம் நகரத்துப் படகு ஆர்வலர்களிடம் மட்டும் வந்து சேரவில்லை. தண்ணீருக்குக் கொண்டுபோக முடியாத கலம் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை என்று பரிசல்காரருக்குத் தெரியும்.

உலகின் பிற பகுதிகளிலும் சாமானியர் கைக்குப் படகு வந்தது எடை குறைந்த பிறகுதான். 1947இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக வடிவமைத்த ஆப்டிமிஸ்ட் வகைப் படகின் நீளம் சுமார் 2.3 மீட்டர், அதன் உடல் எடை 35 கிலோ. 1963இல் பிரிட்டனில் ஜாக் ஹோல்ட், பேரி பக்னெல் ஆகியோர் உருவாக்கிய மிரர் வகைப் படகு 3.3 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 45 கிலோ எடையும் கொண்டது. ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடி இழை நாடா ஒட்டி, வீட்டுப் பின்கட்டிலேயே செய்துகொள்ளும்படி அமைந்தது. ஒரு நாளிதழ் தன் பெயரைக் கொடுத்து அதைப் பரப்பியது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டன. அவற்றுள் மிகப் பல, காரின் கூரைமீது ஏறியே ஏரிக்குச் சென்றன.

இன்று நம் நாட்டில் எளிதில் காணக்கூடியவை வேறு இரண்டு. ஒன்று, முன்னர் லேசர் என்றும் இப்போது இல்கா என்றும் வழங்கும் ஒற்றையாள் பாய்மரப் படகு. நீளம் 4.2 மீட்டர், உடல் எடை 59 கிலோ, பாய்மரம் இரண்டு துண்டாகக் கழலும். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெருமையுடன் டோக்கியோவில் போட்டியிட்டது இவ்வகைப் படகில்தான். மற்றொன்று, 1956இல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த எண்டர்பிரைஸ். நான்கு மீட்டர் நீளம், தொண்ணூறு கிலோவுக்குச் சற்று மேல் எடை, இருவர் ஓட்டுவது. நம் நாட்டுப் பாய்மரச் சங்கங்களில் நெடுங்காலமாகப் புழங்கிவருவதால் பழைய படகும் உதிரிப் பாகமும் தேடினால் கிடைக்கும். தந்தையும் மகளும் சேர்ந்து ஏற விரும்பினால் என் தேர்வு எண்டர்பிரைஸ்தான். ஆனால் தூக்குவதற்கு மூன்றாவது ஆள் வேண்டும். மைத்துனரை அன்புடன் நடத்துங்கள்.

பாய்மரம் வேண்டாம், துடுப்பு போதும் என்போருக்குக் காற்றடைத்து விரிக்கும் கயாக் படகுகள் பத்து முதல் இருபது கிலோவுக்குள் கிடைக்கின்றன. அவை காரின் பின்பெட்டிக்குள் அடங்கும். அவற்றை நான் எள்ளி நகையாட மாட்டேன். காற்றில் அலைக்கழியும், முள்ளுக்கு அஞ்சும் என்ற குறைகள் உண்மைதான். ஆயினும், ஓர் ஆண்டில் நாம் எத்தனை முறை தண்ணீருக்குப் போகிறோம் என்பதைச் செலவு குறைவாகக் கண்டறிய அதைவிடச் சிறந்த கருவி இல்லை.

இனி, டிரெய்லரில் இழுக்கும் படகுக்கு வருவோம். அண்மையில் என்னை அணுகிய இளம் தம்பதியர் விரும்பியது பதினாறு அடி நீள ஃபைபர் மோட்டார் படகு. படகின் எடை 300 கிலோதான் என்று விற்பவர் கூறியிருந்தார். சரி, மேசையில் காகிதத்தை வைத்து நாங்கள் கணக்குப் போட்டோம். உடல் 300 கிலோ. இயந்திரம் 100 கிலோ. 25 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 19 கிலோ. மின்கலம் 20 கிலோ. நங்கூரம், கயிறு, உயிர்காப்பு அங்கிகள், தண்ணீர், சாப்பாட்டுக் கூடை எல்லாம் சேர்த்து 30 கிலோ. இவற்றையெல்லாம் தாங்கும் டிரெய்லரின் எடை 230 கிலோ. ஆக மொத்தம் 699 கிலோ. அவர்களுடைய காரின் எடையோ 1,150 கிலோ. காரின் எடையில் பாதிக்கும் மேல் பின்னால் தொங்குகிறது. அதற்குத் தனி பிரேக் கிடையாது. "சார், அவர் முந்நூறு கிலோ என்றுதானே சொன்னார்?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். விற்பவர் சொன்னதும் பொய்யன்று. அவர் படகின் எடையைச் சொன்னார். இழுக்கப்போகும் எடையைச் சொல்லவில்லை.

பிரேக் இல்லாத டிரெய்லரின் எடை, இழுக்கும் காரின் எடையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பிரிட்டன் போன்ற நாடுகளின் விதி. நம் ஊர்ச் சாலைகளில், திடீரென முளைக்கும் வேகத்தடைகளுக்கும் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனங்களுக்கும் நடுவே, அந்தப் பாதியும் மிகை என்பேன். முதன்முறையாக இழுப்போர் காரின் எடையில் நான்கில் ஒரு பங்குக்குள் நிற்பது நலம். அதாவது, மேற்சொன்ன கார் என்றால் டிரெய்லர் உட்பட 280 கிலோவுக்குச் சற்று மேல். இந்த அளவுக்குள் எண்டர்பிரைஸ் தாராளமாக அடங்கும், மோட்டார் படகு அடங்காது. மேலும், உங்கள் காரின் கையேட்டில் இழுக்கத்தக்க எடை என்று ஏதேனும் எண் குறிக்கப்பட்டிருக்கிறதா எனப் பாருங்கள். நம் நாட்டில் விற்கப்படும் பல கார்களின் கையேட்டில் அத்தகைய எண் இருப்பதில்லை. எண் இல்லை என்பதற்கு எல்லை இல்லை என்று பொருள் கொள்ளலாகாது. கொக்கியைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொல்லலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது அந்தப் பற்றவைப்பைத்தான்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். டிரெய்லரின் மொத்த எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு வரை கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். சுமை பின்னால் தள்ளிப்போனால் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கும்; வேகம் கூடக் கூட நெளிவும் கூடும்; இறுதியில் காரையே திருப்பிப் போட்டுவிடும். மோட்டார் படகுகளில் இயந்திரம் வால்பகுதியில் தொங்குவதால் இந்த ஆபத்து அதிகம். அப்படி நெளிந்தால் பிரேக்கை அழுத்தாமல், திசைமாற்றியை நேராகப் பிடித்து, முடுக்கியிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். சக்கரத் தாங்கிகள் பற்றியும் ஒரு சொல். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிச் சூடேறிய சக்கரத்தை உடனே தண்ணீரில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கி, நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மசகு கெடும், துருவேறும், இரண்டு மூன்று பயணங்களுக்குப் பின் நெடுஞ்சாலை நடுவே சக்கரம் இறுகி நிற்கும். கரைக்கு வந்ததும் அரைமணி நேரம் பொறுத்திருந்து, தேநீர் அருந்திவிட்டுப் படகை இறக்குங்கள். கையால் தூக்கும் படகானால் இக்கவலையே இல்லை. டிரெய்லர் கரையிலேயே நின்றுவிடும், படகு மட்டும் நீருக்குச் செல்லும். நம் ஏரிகளிலும் அணைகளிலும் டிரெய்லரை நீருக்குள் இறக்குவதற்கான சிமெண்டுச் சரிவுத்தளம் அரிது என்பதையும் மறக்க வேண்டாம். சேற்றிலும் கருங்கல் கரையிலும் 700 கிலோவை யார் இறக்குவது, யார் ஏற்றுவது?

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் பதிவு செய்யப்பட வேண்டிய ஒரு வாகனமே. 61ஆம் பிரிவு இதைத் தெளிவாகக் கூறுகிறது. பட்டறையில் செய்த டிரெய்லரைப் பதிவின்றி இழுத்துச் செல்வது குற்றம். பதிவு எண், பின்விளக்கு, திரும்பு விளக்கு, பிரேக் விளக்கு ஆகியன இருக்க வேண்டும். உங்கள் காரின் காப்பீட்டு நிறுவனத்துக்கு டிரெய்லர் இணைப்பதை எழுத்து மூலம் தெரிவித்து, அதற்குரிய காப்பீட்டையும் பெற வேண்டும். இயந்திரம் பொருத்திய படகானால், 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்கீழ் ஆய்வு, பதிவு, காப்பீடு என்று வேறொரு வரிசையும் சேர்ந்துகொள்கிறது. துடுப்பும் பாயும் மட்டும் கொண்ட சிறு படகு இச்சுமைகளில் பெரும்பாலானவற்றிலிருந்து தப்பிவிடுகிறது. என் கட்சிக்கு இதுவும் ஒரு வலு.

அடுத்தது பணம். கார் வாங்கும்போது பதிவுச் சான்றிதழில் வங்கியின் அடமான உரிமை பதியப்படுகிறது. அந்த உறுதி இருப்பதால்தான் கார்க் கடனுக்கு வட்டி குறைவு. இயந்திரமில்லாத சிறு படகுக்கு அத்தகைய பதிவேடு இல்லை. மறுவிற்பனைச் சந்தையும் மிகச் சிறியது. ஆகவே படகுக்கென்று கேட்கும் கடன், நடைமுறையில் தனிநபர் கடனாகவே முடியும். வட்டியும் அதற்கேற்ப உயரும். விளையாட்டுக்கும் உல்லாசத்துக்குமான படகுகள்மீது 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதுப்படகின் விலையில் அந்த வரி அடங்கியிருக்கும். நீங்கள் விற்கும்போது அதை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

எடுத்துக்காட்டாக, 3 லட்சம் ரூபாயை 12 விழுக்காடு வட்டியில் 36 மாதத் தவணையில் கடனாகப் பெற்றால், மாதத் தவணை 9,964 ரூபாய். மூன்றாண்டில் செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ 3,58,700 ரூபாய். மாறாக, மாதம் 7,500 ரூபாய் வீதம் தொடர் வைப்பில் சேமித்தால், ஆண்டுக்கு ஆறரை விழுக்காடு, காலாண்டுக் கூட்டுவட்டி எனக் கொண்டால், மூன்றாண்டு முடிவில் ஏறத்தாழ 2,98,000 ரூபாய் கையில் இருக்கும். நீங்கள் செலுத்தியதோ 2,70,000 மட்டுமே. இரண்டு வழிகளுக்கும் இடையே உங்கள் பையிலிருந்து போகும் பணத்தின் வேறுபாடு ஏறத்தாழ 88,700 ரூபாய். அத்தொகைக்கு நல்லதொரு பழைய படகைத் தேடத் தொடங்கலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு; அதைச் சொன்னால் வாடிக்கையாளர் முகம் சற்று வாடும். ஆண்டில் 52 ஞாயிற்றுக்கிழமைகள். மழை, தேர்வு, திருமணம், ஊர்த் திருவிழா, உடல்நலக் குறைவு, அணையில் நீரின்மை எல்லாம் போக, ஆண்டுக்குப் பத்து முறை படகு நீரில் இறங்கினால் பெரிது. மூன்றாண்டில் முப்பது முறை. 3,58,700 ரூபாயை முப்பதால் வகுத்தால் ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ 11,950 ரூபாய். பெட்ரோல், சுங்கம், காப்பீடு, பராமரிப்பு இதில் சேரவில்லை. ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கு நான் இதை அழுத்தியே சொல்கிறேன். பணிக்கொடை என்பது இனி வராத வருமானம். அதில் பெரும்பகுதியை வாசலில் நிற்கும் ஃபைபர் உடலாக மாற்றிவிட்டால், மருத்துவமனைக்கு முன்பணம் கட்ட வேண்டிய நாளில் அதை விற்று மீளலாம் என்று எண்ணுவது நடக்காத காரியம்.

படகு வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கருத வேண்டாம். வேண்டும். கைப்பேசித் திரைக்குள் குனிந்த பிள்ளைகளைக் காற்றின் திசை பார்க்க வைக்கும் எந்தப் பொருளும் எனக்கு உவப்பானதே. கடலில்லாத ஊர் என்பதும் ஒரு தடையன்று. ஹைதராபாத்தின் ஹுசேன் சாகர் ஏரியில் ஆண்டுதோறும் ஹைதராபாத் பாய்மர வாரம் என்ற பெயரில் தேசிய அளவிலான போட்டி நடைபெறுகிறது. 1985 செப்டம்பரில் மும்பையிலிருந்து புறப்பட்டு 1987 ஜனவரியில் உலகைச் சுற்றித் திரும்பிய திரிஷ்னா என்ற 37 அடிப் பாய்மரக் கப்பலைச் செலுத்தியவர்கள் இந்தியத் தரைப்படையின் பொறியாளர் பிரிவினர். கடற்படையினர் அல்லர், நிலத்தில் பாலம் கட்டுவோர். பொறியாளர் படையின் பிரிவு ஒன்று அல்சூர் ஏரிக்கரையில் இருப்பதால் அவ்வரலாற்றில் நம் வட்டாரத்துக்கும் ஒரு சொந்தம் உண்டு என்று நான் எண்ணிக்கொள்வது வழக்கம்.

ஆனால் கற்றுக்கொண்ட பிறகு வாங்குங்கள். சென்னையில் தமிழ்நாடு பாய்மரச் சங்கமும், 1911இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் படகுச் சங்கமும் உள்ளன. பள்ளி விடுமுறையில் ஒரு வாரப் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பி, அவனுக்கோ அவளுக்கோ அது பிடித்திருக்கிறதா என்று பார்த்தபின் படகைப் பற்றி யோசிப்பதில் என்ன நட்டம்? பயிற்சியில் படகு கவிழும், கவிழ வேண்டும். கவிழ்ந்த படகை நிமிர்த்தத் தெரிந்தவரே படகோட்டி. அதனால்தான் எந்த நீர்நிலை என்பதிலும் கவனம் தேவை. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்ததைக் கண்டவர்கள், அத்தகைய நீரில் பிள்ளை விழுந்து எழுவதை விரும்ப மாட்டார்கள்.

உயிர்காப்பு அங்கியைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத எனக்கு மனமில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்னிகா என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் விலங்குகளைக் காண எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தபோது படகு புரண்டது. இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் உண்டு. பெரிய படகுக்கே அந்த நிலை என்றால், நான்கு மீட்டர்ப் படகில் ஒருவர் எழுந்து நின்றால் என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. படகின் விலையைப் பேரம் பேசுங்கள்; அங்கியின் விலையைப் பேசாதீர்கள். ஒவ்வொருவர் எடைக்கும் ஏற்றதாக, பிள்ளைகளுக்குத் தொடையிடுக்கில் பட்டை உள்ளதாக வாங்கி, கரையிலேயே அணிந்து, பிறகு படகில் ஏறுங்கள். வாங்குவதற்கான நிதிக் கணக்கில் முதல் வரியாக அங்கியை எழுதுங்கள். நம் வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் மதிப்பீட்டுத் தாள்களில் இசைப்பெட்டியும் மெத்தையிட்ட இருக்கையும் இடம்பெற்றிருக்கும், அங்கி இராது.

நான் குறிப்பிட்ட தம்பதியர் வீட்டுக்குப் போய் நாடாவை வைத்து அளந்து பார்த்தார்கள். அவர்களுடைய அடுக்ககத்தில் ஒதுக்கப்பட்ட வண்டி நிறுத்துமிடம் ஐந்து மீட்டர் நீளம். அதில் ஏற்கெனவே கார் நிற்கிறது. பதினாறு அடிப் படகு டிரெய்லரின் கொக்கிச் சட்டத்தோடு சேர்ந்தால் ஏறத்தாழ ஆறு மீட்டர். தெருமுனையில் இரு புறமும் வண்டிகள் நிற்கும்போது காரும் டிரெய்லருமாகச் சேர்ந்து பதினோரு மீட்டரைத் திருப்ப வழியில்லை. மோட்டார் படகு எண்ணம் அத்துடன் நின்றது. இப்போது அவர்கள் தொடர் வைப்பு ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். பழைய எண்டர்பிரைஸ் ஒன்றைத் தேடிக்கொண்டும் இருக்கிறார்கள். படகைச் சுவரோரம் நிமிர்த்திச் சாய்த்து வைக்க அடுக்ககச் சங்கம் இசையுமா என்பதுதான் தற்போது நிலுவையில் உள்ள விவகாரம்.

பழைய படகு பார்க்கச் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். வெயில் படும் இடத்தில் கிடந்த படகானால் தளத்தைக் கட்டைவிரலால் ஆங்காங்கே அழுத்திப் பாருங்கள்; மெத்தென்று அமுங்கினால் உள்ளே பொறை விட்டிருக்கிறது. உடல் முழுவதும் விரல் கணுவால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓசை மாறும் இடத்தில் பழுதோ பழைய ஒட்டோ இருக்கும். டிரெய்லர் இருந்தால் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுழற்றி, உறுமல் கேட்கிறதா என்று கவனியுங்கள். பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். கடைசியாக, ஒரு தொங்கு தராசைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். படகின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியே தூக்கி எடை பார்த்து இரண்டையும் கூட்டினால் மொத்த எடை ஏறத்தாழக் கிடைத்துவிடும். அவ்வகைப் படகுக்குரிய எடையைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் கூடுதலாகக் காட்டினால், உட்புற நுரைக்குள் நீர் புகுந்திருக்க வாய்ப்புண்டு. அந்த நீர் எளிதில் வெளியேறாது. விலையைக் குறைத்துக் கேட்பதைவிட வேறு படகு பார்ப்பதே நல்லது.